உயிரோடு குளிர வைத்தார்கள்

என் வீட்டுக்காரர் கடலில் அடிபடவில்லை. ரோட்டில் அடிபட்டார். மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடையாறு பக்கம் மொபெட்டில் போனவரை ஒரு கார் தள்ளிவிட்டுப் போய்விட்டது. நடுக்கடலில் படகு கவிழ்ந்து நீந்திக் கரை வந்த ஆள். சிக்னலில் விழுந்தார்.

நான் அப்போது பெசன்ட் நகரில் கடை போட்டிருந்தேன். போன் வந்தது. கையில் ஒரு வஞ்சிரம் பாதி வெட்டியபடி இருந்தது. வாங்க வந்த அம்மாவிடம், "மீதிய நீங்களே வெட்டிக்கோங்கம்மா" என்று சொல்லிக் கத்தியைக் கொடுத்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்துக் கடைக்காரி அப்புறம் சொன்னாள். இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரி மயிலாப்பூருக்கு அந்தப் பக்கம். பெரியது. நான் போனபோது அவரை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே பெரிய காயம் இல்லை. ஒரு காதில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. அது தப்பு. அடி எல்லாம் உள்ளே.

ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மூளை வீங்கிட்டு வருது. மண்டை ஓடு விரிஞ்சு குடுக்காது. வீக்கத்துக்கு எடம் இல்ல. அதுதான் பயம்" என்றார். அதற்குள் மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். தலைக்குள் அழுத்தம் பார்க்க மெல்லிசாக ஒரு கம்பியும் விட்டிருந்தார்கள். அவர் நிறையச் சொன்னார். எனக்கு மனதில் நின்றது அந்த ஒரு வார்த்தைதான். டாக்டருக்கே பயம் என்றால் நான் எங்கே போவது.

அப்புறம் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம். நரைத்த முடி. என்னைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் கெட்ட சேதிதான்.

கெட்ட சேதி இல்லை. ஒரு கேள்வி.

"இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குதும்மா. இந்த மாதிரி தலையில பலமா அடிபட்டவங்களுக்கு. ரெண்டு விஷயம் சோதிச்சுப் பாக்கறோம். ஒண்ணு, உடம்பைக் குளிர வைக்கிறது. உடம்பு குளிர்ந்தா மூளைக்கு வேலை குறையும். வீக்கம் அடங்கலாம். அடங்கலாம்னுதான் சொல்றேன். அடங்கும்னு சொல்லல."

"இன்னொண்ணு?"

"ஒரு ஹார்மோன் மருந்து. பொம்பளைங்க உடம்புல தானா சுரக்கறதுதான். வயித்துல புள்ள இருக்கறப்போ நெறைய சுரக்கும். அது மூளையைக் காப்பாத்துமான்னு பாக்கறோம்."

யாருக்குக் குளிர், யாருக்கு மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லுமாம். அவர் எடுத்துக் கொடுக்க முடியாதாம். சிலருக்கு இரண்டும் வரும். சிலருக்கு இரண்டும் வராது. மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். மருந்து இல்லாத பாட்டிலும் அதே வெள்ளையாக இருக்கும். ஏறுவது எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது.

"குலுக்கல் சீட்டா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

எங்கள் குப்பத்தில் குலுக்கலில் குக்கர் விழும், ஹாட்பாக்ஸ் விழும்.

"ஒத்துக்கலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. வழக்கமான வைத்தியம் எல்லாம் முழுசா நடக்கும். உங்க மேல யாரும் கோவப்பட மாட்டாங்க."

"எது நல்லது டாக்டரம்மா?"

"தெரியாது. தெரியாததாலதான் இதைப் பண்றோம்."

டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் காலையிலிருந்து என்னிடம் பேசியவர்களில் இவர் மட்டும்தான் சாமி விட்ட வழி என்று மேலே கையைக் காட்டாமல் பேசினார். சீக்கிரம் சொல்ல வேண்டும், நேரம் போனால் சேர்க்க முடியாது என்றார். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கொழுந்தன் கடலில் இருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே படகு. அன்று அண்ணன் விற்கப் போக, தம்பி மட்டும் தொழிலுக்குப் போயிருந்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடத் தெரியும். போட்டேன்.

கம்ப்யூட்டரில் அவருக்குக் குளிர் விழுந்தது. பாட்டிலும் ஏறிற்று, மருந்தா வெறும் வெள்ளையா தெரியாது.

ஐ.சி.யூ. வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கே ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தி. நகர் பக்கம். முஸ்லிம் வீடு. அவர் மகன் ஜாக்கெட்டுக்கு ஜரி வேலை செய்கிறவன், பைக்கில் விழுந்தவன், என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தான். அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் மகனுக்குப் பாட்டில் மட்டும் ஏறிற்று. குளிர் விழவில்லை.

"உன் வீட்டுக்காரருக்குக் குளுரு குடுத்துட்டாங்க. எம்புள்ளைக்கு ஏன் குடுக்கல?" என்றார் என்னிடம்.

"கம்ப்யூட்டர்க்கா."

"அதுக்கு எம்புள்ள மேல இன்னா கோவமாம்?"

அவர், மகன் குளிராமல் கிடக்கிறானே என்று பயந்தார். நான் இவர் குளிர்ந்து கிடக்கிறாரே என்று பயந்தேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

உள்ளே விட்டபோது பார்த்தேன். அவருக்கு மேலேயும் கீழேயும் பாய் மாதிரி ஒன்று. அதற்குள் குழாய் குழாயாக. குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. பக்கத்தில் ஒரு மெஷின் உறுமிக்கொண்டே இருக்கிறது. கம்மங்கூட்டில் ஐஸ் பை. தொடை இடுக்கில் ஐஸ் பை.

ஐஸ் என்னோடேயே கிடக்கும் பொருள். விடிந்தால் அதில்தான் என் கை. மீனுக்கு அடியில் ஒரு பரத்தல், மேலே ஒரு பரத்தல். வீட்டுக்கு ஐஸ் வரும் இன்னொரு நேரம் உண்டு. யாராவது செத்து, தூரத்தில் இருக்கும் பிள்ளை வரவேண்டும் என்றால் ஐஸ் பெட்டி எடுத்து வருவார்கள். இந்த இரண்டும்தான் எனக்குத் தெரியும். உயிருள்ள எதையும் நாங்கள் ஐஸில் வைத்ததில்லை.

அவருக்குக் குளிரே ஆகாது. மார்கழியில் கடலுக்குப் போனால் சட்டை மேல் சட்டை போடுவார். வீட்டில் ஃபேன் வேகத்துக்குத் தினம் சண்டை. நான் ஒரு கம்பளி எடுத்து வந்திருந்தேன். அதைக் காலில் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. சூடு ஏறக் கூடாது" என்றார் நர்ஸ்.

"நடுங்குவாரே சிஸ்டர்."

"நடுங்க விட மாட்டோம். நடுங்குனாலே உடம்பு சூடாயிடும். அதுக்கும் மருந்து போய்ட்டிருக்கு."

நடுங்கினால் சூடு வரும். சரிதான். ஆனால் நடுங்கக்கூட விடாமல் ஒரு ஆளைக் குளிரில் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு நடுக்கம் வந்தது. கம்பளியைத் திருப்பி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கொழுந்தன் கரைக்கு வந்து சேதி கேட்டு ஓடி வந்தான். கால்சட்டையில் இன்னும் உப்பு. டாக்டரம்மா அவனுக்கும் எல்லாம் சொன்னார். எனக்குச் சொன்னதையே, அதே நிதானமாக. அவன் தலையை ஆட்டிக் கேட்டான். ஹார்மோன் பேச்சு வந்ததும் நிமிர்ந்தான்.

"பொம்பள மருந்தா? அண்ணனுக்கா?"

"ஆம்பளைங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்குப்பா."

"மீசை கொட்டிடுமா டாக்டர்?"

"கொட்டாது."

"எழுந்து வந்து மீசையத் தடவிப் பாக்கும் அண்ணன். இல்லன்னா என்னத்தான் ஒதைக்கும்."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவனை உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரம்தான். வெளியே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். "சோறு துன்னுட்டு வரேன் அண்ணி" என்றான். அழப் போகிறான், அதற்குத்தான் போகிறான் என்று விட்டுவிட்டேன். ஆண்பிள்ளைகள் எங்கள் பக்கம் அப்படித்தான். அன்று அவன் திரும்பி வரவில்லை.

அந்த அக்காதான் சொன்னார். "நீ போயி குளிச்சு, துணி மாத்திக்கினு வா. மீன் வாடை அடிக்குது உம்மேல. உள்ள விட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்." விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். போனில் சார்ஜ் இல்லை. பஸ் காலி. ஜன்னல் காற்று குளிர்ந்தது. ஜன்னலை மூடினேன்.

பெசன்ட் நகரில் இறங்கிக் கடற்கரை வழியாக நடந்தேன். வாக்கிங் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குப்பம் பக்கம் திரும்பினதும் கால் நின்றுவிட்டது.

படகு எல்லாம் மணலில் இருந்தது.

அந்த நேரத்துக்கு மணல் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றிரண்டு கரை ஏறிக்கொண்டிருக்கும், ஆள் சத்தம் இருக்கும், காக்கை இருக்கும். அன்று எல்லாப் படகும் வரிசையாகக் கிடந்தது. வலை மூடியபடி. எஞ்சின் தூக்கியபடி. கடல் அமைதியாகத்தான் இருந்தது. காற்றும் இல்லை. புயல் எச்சரிக்கையும் இல்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். யார் வீட்டுச் சாவானாலும் சரி. பேச்சு வார்த்தை இல்லாத வீடானாலும் சரி.

யார் என்று யோசித்தேன். கோயில் பின்னால் ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். அவராக இருக்கும் என்றேன் மனதுக்குள். கடைசித் தெருவில் ஒரு அம்மாவுக்குக் கிட்னி. அந்த அம்மாவாக இருக்கும். ஒருவர் சாகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நடந்தேன். வேறு எப்படி நடப்பது.

பந்தல் கம்பு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் எனக்கு முன்னால் போனார்கள். கோயில் பக்கம் திரும்பவில்லை. கடைசித் தெருவுக்கும் போகவில்லை. எங்கள் சந்துக்குள் போனார்கள்.

என் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி இருந்தது. கண்ணாடி மூடி. ஒயர் எடுத்துப் பக்கத்து வீட்டில் சொருகியிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. ஆள் வருவதற்கு முன்னால் குளிர்ந்து இருக்கட்டும் என்று ஓடவிட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி என்னைக் கட்டிப் பிடித்தாள். "போயிட்டியே எங்கண்ணா" என்று ஆரம்பித்துவிட்டாள். மற்றப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. நான் பஸ்ஸில் வந்த நேரத்தில் போய்விட்டார். போன் அடித்திருப்பார்கள். என் போன் செத்துக் கிடந்தது. ஜன்னல் மூடினேனே, அப்போதா? பாலம் தாண்டினேனே, அப்போதா? இதையேதான் நினைத்தேன்.

"எப்போ?" என்று கேட்டேன்.

ஒருத்திக்கும் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து யாரு பேசினாங்க?"

"ஆஸ்பத்திரி பேசலக்கா. உன் கொழுந்தன்தான் நேத்தே வந்து சொன்னான்."

நேற்று. நேற்று நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கொழுந்தன் எங்கள் படகு நிழலில் மணலில் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

"அண்ணி, அண்ணன் போயிடுச்சு."

"யாரு சொன்னா?"

"நானே தொட்டுப் பாத்தேன். கால் ஜில்லுனு கீது. ஐஸ்ல போட்ட மீனு மாதிரி கீது. கை அதே மாதிரி. நெஞ்சு அதே மாதிரி."

"குளிர வைக்கிறோம்னு டாக்டரம்மா உன்னாண்ட சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. நான் நம்பல." மூக்கைத் துடைத்தான். "மெஷின் போட்டு நெஞ்ச ஏத்தி எறக்கி டபாய்க்கிறானுங்க அண்ணி. நீ ஒத்தையா நின்னுகினு கீற. உன்னாண்ட எப்படிச் சொல்றது? அதான் இங்க வந்து சொன்னேன். நீ வீட்டுக்கு வர்றப்போ ஆளுங்க இருக்கட்டும்னு."

அவனை அறையத்தான் கை போனது. போன கை நின்றது. ஏனென்றால் அவன் சொன்னது எனக்கும் உள்ளே இருந்தது. நானும் அந்தக் காலைத் தொட்டேன். என் கையும் ஐஸில் ஊறிய கை. எது செத்தது எது சாகவில்லை என்று என் கைக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கை அவரைத் தொட்டதும் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவன் சொல்லிவிட்டான்.

"எழுந்திருடா" என்றேன். "வா. ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

"பெட்டி?"

"அது கெடக்கட்டும்."

ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் பாட்டு போட்டிருந்தார். கொழுந்தன் பாட்டை நிறுத்தச் சொன்னான்.

ஐ.சி.யூ. வாசலில் அந்த அக்கா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் முகம் போயிற்று. உள்ளே போகும் கதவில் நின்றுகொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு உயிரோட கீறாரா?" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மெஷினில் ஓடும் கோடுகளைக் காட்டி ஏதோ சொல்லப் போனார். பாதியில் நிறுத்தினார். "மெஷின் வேணாம். வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் எங்களைக் குனியச் சொன்னார். என் வீட்டுக்காரரின் கண் இமையை விரலால் தூக்கினார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச் எடுத்து, "கருமணியையே பாருங்க" என்று வெளிச்சம் அடித்தார்.

கருமணி சுருங்கியது. கொஞ்சம்தான். மெதுவாகத்தான். ஆனால் சுருங்கியது.

"இது நாம பண்றது இல்ல. மெஷின் பண்றது இல்ல. அவர் மூளை பண்றது" என்றார். "செத்தவங்களுக்கு இது ஆகாது."

"இன்னொரு தபா காட்டுங்க" என்றான் கொழுந்தன்.

டார்ச்சை எடுத்தார். கொஞ்சம் விட்டார். மறுபடி அடித்தார். மறுபடி சுருங்கியது.

"அந்தக் கண்ணுல?"

அந்தக் கண்ணிலும் காட்டினார். அதில் இன்னும் மெதுவாக.

கொழுந்தன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் அவனைத் திட்டி வெளியே அனுப்பினார். வராந்தாவில் நின்று போன் போட்டான். "மச்சி, தப்பாப் பூட்ச்சு. இல்லடா. இல்லடா, உயிரோடதான் கீது. கண்ணு அசையுதுடா. படக எறக்குங்கடா." அந்தப் பக்கம் அவனை என்னென்ன சொன்னார்களோ, "திட்டுடா, நல்லாத் திட்டு" என்று அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டிக்காரன் வெறும் பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றானாம். வாசல் வரை வந்த பெட்டி வெறுமனே போனால் ஆகாதாம். எதிர்வீட்டுக்காரி ஒரு பூசணிக்காயை வாங்கி மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே படுக்க வைத்தாளாம். "இத்த எங்க எறக்கணும்?" என்று கேட்டானாம் பெட்டி வண்டி டிரைவர். ஒரு நாள் தொழில் போனதற்கு எல்லாரும் கொழுந்தனைப் பூசணிக்காய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அவர் இன்னும் ஐஸில் இருந்தார்.

அப்புறம் சூடாக்க ஆரம்பித்தார்கள். அது வேகமாக ஆகிவிடும் என்று நினைத்தேன். ஐஸ் எடுத்தால் மீன் கொஞ்ச நேரத்தில் விட்டுக்கொடுத்துவிடும். இது அப்படி இல்லை. ரொம்ப மெதுவாக ஏற்ற வேண்டுமாம். "அவசரப்பட்டா திரும்ப வீங்கிடும். இந்தக் கட்டத்துலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. குளிரும்போது குளிருக்குப் பயந்தேன். இப்போது சூட்டுக்குப் பயந்தேன். உள்ளே போகும்போதெல்லாம் காலைத் தொட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் கால் ஆயிற்று. அந்தச் சூட்டைத் தொட்டதும் கையை எடுத்துவிடுவேன். எனக்குப் பிடித்திருந்தது, என் கண்ணே பட்டுவிடுமோ என்று எடுத்துவிடுவேன்.

சூடு வந்தது. கண் வரவில்லை.

தூக்க மருந்தைக் குறைத்தார்கள். நிறுத்தினார்கள். கண் வரவில்லை. "பொறுங்க" என்றார்கள்.

அந்த அக்கா பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருந்தார். பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாடு வந்தால் எனக்கு முதலில் பிரித்துக் கொடுப்பார். என் கண்ணைப் பார்க்கமாட்டார். அவர் மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. தரை துடைக்க வந்த அம்மாதான் சொன்னார். "அந்தப் பையன் கண்ணு தொறந்து அம்மான்னு கூப்ட்டானே, உனக்குத் தெரியாதா?"

முன்தினமே கூப்பிட்டிருக்கிறான். அந்த அக்கா அந்தச் சந்தோஷத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க்கா சொல்லல?"

"எப்படிம்மா சொல்வேன்?" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் என்றேன். உண்மைதான். ஆனால் உள்ளே ஒன்று கேட்டது. குளிர் விழாதவன் எழுந்துவிட்டான். குளிர் விழுந்தவர் கிடக்கிறார். நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால்?

டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் தட்டிக் கழிக்கவில்லை. "அந்தப் பையன் வயசு வேற, அடி வேற. ஒருத்தரை வச்சு ஒருத்தரைச் சொல்ல முடியாது. நெறைய பேரைச் சேத்து எண்ணிப் பாத்தாதான் தெரியும். அப்பவும் உங்க வீட்டுக்காரருக்கு இது நல்லதா கெட்டதான்னு தனியா யாராலயும் சொல்ல முடியாதும்மா."

யாராலும் முடியாது. சரி என்று வந்து உட்கார்ந்தேன்.

அவர் கண் திறந்த அன்று நான் பக்கத்தில் இல்லை. கொழுந்தன் இருந்தான். ஓடி வந்து கூப்பிட்டான். நான் போனபோது கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் புருஷன் பேரைச் சொல்லமாட்டோம். அன்று சொன்னேன். கண் என் பக்கம் வந்தது. நின்றது. நான் யார் என்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வெகு நாளைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தார். வலது கை சரியாக எழவில்லை. பேச்சு குழறிற்று. அப்புறம் தெளிந்தது. திடீரென்று கோபம் வரும். தட்டை எறிவார். கொஞ்ச நேரத்தில், "யாரு எறிஞ்சா?" என்று கேட்பார். கடலுக்குப் போகவில்லை. படகைக் கொழுந்தன் பார்த்துக்கொண்டான். இவர் வாசலில் உட்கார்ந்து இடது கையால் வலை தைப்பார். அவரை விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் எனக்கு வியாபாரத்தில் புத்தி நிற்காது. கடல் ஒரு பக்கம். ரோடு ஒரு பக்கம். எந்தப் பக்கம் எழுந்து போவாரோ.

சில மாதம் கழித்து டாக்டரம்மா போன் பண்ணினார். ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லார் வீட்டுக்கும் பண்ணிக் கேட்பார்களாம். இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும், நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இல்லை என்றார். தானாகக் குளிக்கிறாரா? குளிக்கிறார். தானாகச் சாப்பிடுகிறாரா? சிந்துவார், சாப்பிடுவார். வேலைக்குப் போகிறாரா? இல்லை. வீட்டில் சண்டை உண்டா? அது முன்னாடியும் உண்டு என்றேன். சிரித்தார்.

"தனியா கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கிட்டு வருவாரா?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா?"

"அனுப்பினது இல்ல டாக்டரம்மா."

"முடியாதா, அனுப்பலையா?"

"அனுப்பல. பயம்."

அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார்.

"ஆஸ்பத்திரி."

"இன்னாவாம்?"

"தனியா கடைக்குப் போவியான்னு கேக்குறாங்க."

வலையை ஒதுக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து இடது கையை விட்டு, வலது கையைத் தூக்கி நுழைத்து, பட்டன் போடாமல் விட்டார்.

"இன்னா வாங்கணும்?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாலு" என்றேன். "அரை லிட்டர்."

காசை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். சந்து திரும்பும் இடத்தில் ஒரு பைக் வந்தது. நின்றார். பைக் போன பிறகு நடந்தார். அப்புறம் தெரியவில்லை.

"டாக்டரம்மா, வச்சிடாதீங்க" என்றேன்.

"வைக்கல" என்றார்.

நான் வாசற்படியில் நின்றேன். கடை தூரம் இல்லை. குழந்தைகள் போய் வரும் தூரம்தான். ஆனால் கடைக்கு அப்புறம் மெயின் ரோடு. ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பின்னால் ஓடலாமா என்று நினைத்தேன். ஓடினால் பார்த்துவிடுவார். போனில் டாக்டரம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, யாரு வராங்க?" என்றாள். கையைக் காட்டி அடக்கினேன்.

வெகு நேரம் ஆயிற்று. அப்படித்தான் எனக்கு இருந்தது.

சந்து முனையில் பட்டன் போடாத சட்டை தெரிந்தது. மெதுவாக வந்தார். கையில் பால் இல்லை. ஒரு தீப்பெட்டியும் ரெண்டு வாழைப்பழமும் இருந்தது. படியில் ஏறி அதை என் கையில் வைத்தார். மீதிச் சில்லறையையும் வைத்தார்.

"வந்துட்டாரா?" என்றார் டாக்டரம்மா.

"வந்துட்டாருங்க" என்றேன்.